தனிச் சமையல் இல்லாம மாசம் ஒரு கிலோ குறைக்க முடியுங்களா?

பெருமாநல்லூர்_அம்மணி:

வயசு 34, உயரம் 156 செ.மீ., எடை 72 கிலோ, இடுப்பு 94 செ.மீ. குழந்தைங்க ரெண்டு, 7 வயசும் 3 வயசும். தாய்ப்பால் நிறுத்தி ஒன்றரை வருசம் ஆச்சுங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனி ஆபீஸ்ல கணக்கு வேலை, நாள் பூரா நாற்காலிதான். காலைல 8 மணிக்குக் கிளம்பினா வீடு வந்து சேர 7:30. வீட்ல நாங்க ரெண்டு பேரு, அத்தை, குழந்தைங்க. அத்தை சக்கரைக்கு மாத்திரை எடுக்கறாங்க.

ஒரு நாள் சாப்பாடு இதுதாங்க. 5:15க்கு டீ. 9:30க்குக் கம்பெனில டிபன், 4 இட்லி இல்லாட்டி 3 தோசை, தேங்காய்ச் சட்னி. 11 மணிக்கு டீ, வடை. 1:15க்கு டப்பாச் சோறு, குழம்பு, பேருக்குப் பொரியல். 4:30க்கு பேக்கரி டீ, கூட பப்ஸோ தேங்காய் பன்னோ. வீட்டுக்கு வந்ததும் குழந்தைங்ககூடச் சேர்ந்து கொறிக்கறது. 9:30க்கு மறுபடி தோசை, இல்லைனா மத்தியானச் சோறு.

ராத்திரிச் சாப்பாட்டை விட்டா 4 கிலோ குறையுது, விட்டதை ஆரம்பிச்சா 5 கிலோ ஏறுது. எனக்குன்னு தனியா ஓட்ஸ், சாலட்னு செய்ய நேரமும் இல்லைங்க, அடுப்பும் இல்லைங்க. வீட்டுச் சாப்பாட்டையே வெச்சு மாசம் ஒரு கிலோ மெதுவா இறக்க முடியுமா? கொள்ளுத்தண்ணி குடிச்சா கொழுப்பு கரையும்ங்கறாங்களே, அது நிசமா? ஜிம்முக்குப் போக வழியில்லை. வீட்லயே என்ன செய்யலாம்?

அளவுக்கரண்டி:

முடியுங்க. தனிச் சமையல் வேண்டவே வேண்டாம். தனியாச் சமைக்கறவங்கதான் மூணாம் வாரமே விட்டுடறாங்க.

உங்க பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவுங்கற கணக்கு, 29.6 வருது. இந்தியர்களுக்கு 23க்கு மேல போனா அதிக எடை, 25ல இருந்து உடற்பருமன்னு வரம்பு வெச்சிருக்காங்க. பெண்களுக்கு இடுப்பு 80 செ.மீ.க்குள்ள இருக்கணும். 23க்கு வரணும்னா 56 கிலோ ஆகும். அதை இப்ப நினைக்காதீங்க. முதல் குறி 5 சதவீதம், 3.6 கிலோ. அந்த அளவு இறங்கினாலே சக்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் நல்லபடியா அசைய ஆரம்பிக்கும். நாலு மாசம் எடுத்துக்குங்க.

ஒரு கிலோ உடம்புக் கொழுப்புன்னா ஏறத்தாழ 7,700 கலோரி. மாசம் ஒரு கிலோவுக்கு நாளைக்கு 250லிருந்து 300 குறைஞ்சாப் போதும். அதைச் சோத்துல தேடாதீங்க, எண்ணெய் டின்ல தேடுங்க.

மாசம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்கறீங்கன்னு பாருங்க. உங்க வீட்டை நாலு ஆள் கணக்கா வெச்சுக்கலாம், குழந்தைங்க ரெண்டும் சேர்ந்து ஒரு ஆள். மாசம் 5 லிட்டர் ஆகுதுன்னா ஆளுக்கு நாளைக்கு 41 மில்லி, அதாவது 340 கலோரி. அதையே 3 லிட்டராக்கினா ஆளுக்கு 25 மில்லி, 205 கலோரி. நீங்க தட்டைப் பார்த்து எதையும் குறைக்காமலே 135 போயிருக்கும். கடலை எண்ணெயோ, தேங்காயெண்ணெயோ, காங்கேயத்துல இருந்து வாங்கின மரச்செக்கு எண்ணெயோ, எல்லாத்துக்கும் கிராமுக்கு 9 கலோரிதான். செக்கு எண்ணெய்னு தாராளமா ஊத்தற வீடு நெம்ப இருக்கு.

அடுத்தது டீ. மூணு டீக்கு ரெண்டு ரெண்டு ஸ்பூன் போட்டா 30 கிராம் சக்கரை, 120 கலோரி. ஸ்பூனை ஒண்ணாக்குங்க, 60 மிச்சம். ஒரேயடியா சக்கரையில்லா டீக்குப் போனா நாக்கு ஒத்துக்காது. ரெண்டு வாரத்துக்கு அரை ஸ்பூனாக் குறைச்சுட்டே வாங்க. நாட்டுச் சக்கரைக்கு மாத்தறது குறைக்கறதுல சேராதுங்க. கவுந்தப்பாடிச் சக்கரையா இருந்தாலும் கிராமுக்குக் கிட்டத்தட்ட அதே 4 கலோரிதான்.

மூணாவது, 4:30 பப்ஸ். ஒரு காய்கறி பப்ஸ் 250க்குக் குறையாது. தேங்காய் பன் அதுக்கு மேல. அதுக்குப் பதிலா வீட்ல இருந்து 100 கிராம் சுண்டல் கொண்டு போனா 160. இங்க ஒரு 100 மிச்சம்.

135, 60, 100. கூட்டினா 295. சோத்துல இன்னும் கையே வைக்கலைங்க.

கொடுமுடி_கொள்ளு:

கொள்ளுக் கேள்விக்கு மட்டும் சொல்றேன். "இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" சரிதான். ஆனா கொள்ளு கொழுப்பைக் கரைக்காது. அதுல 100 கிராமுக்கு 22 கிராம் புரதமும் நிறைய நார்ச்சத்தும் இருக்கு, அதனால வயிறு நிறைஞ்சு அடுத்த வேளை பசி தள்ளிப் போகுது. அவ்வளவுதான். நம்ம வீடுகள்ல நடக்கறது என்னன்னா, வேக வெச்ச தண்ணியை இவங்க குடிச்சுட்டுக் கொள்ளை மாட்டுக்குப் போட்டுடறாங்க. அப்பப் புரதம் பூரா மாட்டுக்குத்தான். தண்ணில ரசம் வைங்க, கொள்ளைக் கடைஞ்சு சோத்துல போட்டுச் சாப்பிடுங்க.

8 மணி நேரம் ஊறணும். ஊறாம வெச்சா 10 விசில் விட்டாலும் நறுக்கு நறுக்குன்னு நிக்கும், வயித்துல காத்தும் பிடிக்கும். ஊறினதுக்கு 5, 6 விசில் போதும். ஆளுக்கு 30 கிராம் காய்ஞ்ச கொள்ளு போதுமானது. கடைசல்ல தாளிக்கிற எண்ணெய் மொத்தப் போசிக்கும் ரெண்டு ஸ்பூன் தாண்ட வேண்டாம்.

பெருமாநல்லூர்_அம்மணி:

எண்ணெய் பில்லைப் பார்த்தேனுங்க. சரியா 5 லிட்டர், நோம்பி மாசத்துல ஆறு. தேங்காய் தினம் ஒண்ணு உடைக்கறோம். 4:30க்குக் கை நடுங்கற அளவுக்குப் பசிக்குது, சுண்டல் தாங்குமா? அத்தையும் சமைக்கறாங்க, நான் அளந்து ஊத்தினா அவங்க மறுக்கா ஊத்துவாங்க. அதுக்கு என்ன பண்றது?

அளவுக்கரண்டி:

அத்தைகிட்டக் "குறைச்சு ஊத்துங்க"ன்னா சண்டைதான் வரும். அளவை டின்ல இருந்து பாட்டிலுக்கு மாத்திடுங்க. டின்னை மச்சு மேல ஏத்திட்டு, ஞாயித்துக்கிழமை காலைல 700 மில்லியை ஒரு பாட்டில்ல ஊத்தி அடுப்புப் பக்கத்துல வைங்க. வாரத்துக்கு அதுதான். வியாழக்கிழமையே தீர்ந்துச்சுன்னா எங்க போச்சுன்னு அவங்களே சொல்லுவாங்க. முதல் வாரமே 700க்கு வராதீங்க; 1,000, அப்புறம் 850, அப்புறம் 700.

எண்ணெய் எங்க வீணாகுதுன்னு பார்த்தா ரெண்டே இடம். வெங்காயம் வதக்கும்போது அடிப்பிடிக்குதுன்னு மறுபடி மறுபடி ஊத்தறது ஒண்ணு. வெங்காயத்தைப் போட்டதும் உப்பைப் போட்டு மூடிடுங்க, அதுவே தண்ணி விட்டுக்கும். பிடிச்சா ரெண்டு கைத் தண்ணி தெளிங்க. இன்னொண்ணு தோசை. ஒரு தோசைக்கு ரெண்டு ஸ்பூன் சுத்தி விட்டா மூணு தோசைல எண்ணெய் மட்டும் 270 கலோரி. பழகின இரும்புக் கல்லுல பாதி வெங்காயத்தால தடவிட்டு அரை ஸ்பூன் விட்டாப் போதும். கல்லு சரியாச் சூடாகாம மாவு ஊத்தறதுதான் தோசை ஒட்டறதுக்குக் காரணம், எண்ணெய் பத்தாததால இல்லைங்க.

தேங்காய்க்கு வருவோம். பொள்ளாச்சிப் பக்கத்துத் தேங்காய்ல பருப்பு 250 கிராம் இருக்கும். ஒண்ணுக்கு 900, 1,000 கலோரின்னு வெச்சுக்குங்க. நாலு ஆளுக்குப் பிரிச்சாலும் தலைக்கு 225 வருது. தேங்காய் கெட்டதில்லை, குழம்புலயும் சட்னிலயும் பொரியல்லயும் ஒட்டுக்கா வர்றதுதான் சிக்கல். ஒரு நாளைக்கு ஒரு இடத்துல மட்டும்னு வெச்சுக்குங்க. சட்னில போட்டாக் குழம்புல வேண்டாம். ஒரு தேங்காய் ரெண்டு நாளைக்கு வரும். அதுக்காகக் கடலைச் சட்னிக்குத் தாவிடாதீங்க. நிலக்கடலை 100 கிராமுக்கு 560 கலோரிக்கு மேல, தேங்காயைவிட அதிகம். தக்காளி வெங்காயச் சட்னி, பீர்க்கங்காய்த் தோல் துவையல், ஒரு பிடி தேங்காயோட மல்லி புதினா, இப்படி மாத்தி மாத்திப் போகலாம்.

4:30 பசிக்கு மத்தியான டப்பாதான் காரணம். சோறும் தண்ணிக் குழம்பும் மூணு மணி நேரத்துல இறங்கிடும். உங்ககிட்ட மூணடுக்கு டப்பா இருந்தா ஒரே ஒரு மாத்தம் பண்ணுங்க. சோறு போட்ட பெரிய அடுக்குல காய், காய் போட்ட சின்ன அடுக்குல சோறு. மூணாவதுல கெட்டியா ஏதாச்சும் ஒரு கடைசல்: பச்சைப்பயிறு, தட்டைப்பயிறு, கொள்ளு, கீரை பருப்பு. சோத்தை ஒரே ஒரு நாள் தராசுல வெச்சுப் பாருங்க. வெந்த சோறு 100 கிராம் 130 கலோரி. இப்ப 300 கிராம் போடறீங்கன்னா 220க்கு வாங்க, பாதியாக் குறைக்காதீங்க. பாதி குறைச்சவங்க எல்லாரும் சாயங்காலம் பேக்கரில அதைத் திரும்ப வாங்கிக்கறாங்க.

புரதக் கணக்கு. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020ல சொன்ன அளவு, எடைல கிலோவுக்கு 0.83 கிராம், உங்களுக்குச் சுமாரா 55லிருந்து 60. ரெண்டு முட்டை 12, 30 கிராம் கொள்ளு இல்லாட்டிப் பச்சைப்பயிறு 7, 50 கிராம் காய்ஞ்ச கடலைச் சுண்டல் 10, 200 கிராம் தயிர் 6, மூணு டீயோட பால் 6, சாம்பார் பருப்பு 4, அரிசி இட்லியில இருந்து 15. அறுபது ஆயிடுச்சு. முட்டை சாப்பிடாத நாள்ல தயிரையும் பயிறையும் ஏத்திக்குங்க.

ஆனா "கை நடுங்குது"ங்கறதை வெறும் பசின்னு விட்டுடாதீங்க. ஒரு தடவை சக்கரை பார்த்துடுங்க.

பல்லடம்_தறி:

இவ்வளவு கணக்கு எதுக்குங்க? 16 மணி நேரம் விரதம், 8 மணி நேரத்துக்குள்ள சாப்பாடு. அதைப் பிடிங்க, தானா இறங்கும்.

அளவுக்கரண்டி:

இறங்கும், மொத்தச் சாப்பாடு குறைஞ்சா. நேரத்தை மட்டும் சுருக்கி அதே அளவு சாப்பிட்டா இறங்காது. இவங்க நேரத்தைப் பாருங்க: காலை டிபனே 9:30. 16 மணி நேரம்னா முந்தின நாள் சாயங்காலம் 5:30க்கு முடிச்சிருக்கணும். அப்ப இவங்க கம்பெனில இருக்காங்க. 7:30க்கு வீட்டுக்கு வந்து, குழந்தைங்களுக்கு ஊட்டிட்டு, தான் மட்டும் பட்டினி கிடக்கறது மூணு வாரம் ஓடும். ராத்திரிச் சாப்பாட்டை விட்டா என்ன ஆகும்னு இவங்களே எழுதியிருக்காங்களே.

ராத்திரியை 9:30லிருந்து 8 மணிக்குக் கொண்டு வந்தாப் போதும். காலை 9:30 வரைக்கும் பதிமூணரை மணி நேரம் தானா கிடைக்குது, நடுவுல அந்த 5:15 டீ மட்டும்தான்.

எட்டு மணிக்கு எல்லாருக்கும் ஒரே பாத்திரத்துல ஆகற சாப்பாடு நம்ம ஊர்ல இருக்குங்க: அரிசிம்பருப்பு. ரெண்டு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் துவரம்பருப்பு. தாளிக்க மூணு ஸ்பூன் எண்ணெய், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, மஞ்சள், மிளகாய். தண்ணி மொத்தம் எட்டு டம்ளர், மூணு விசில். காலைலயே அரிசி பருப்பை அளந்து டப்பால வெச்சுட்டா வந்து இருபது நிமிசம். உங்க வட்டல்ல 200 கிராம், நெய் ஒரு சின்ன ஸ்பூன் (45 கலோரி), மத்தியானப் பொரியல் ஒரு கிண்ணம், தயிர். அப்பளம் பொரிக்காமச் சுட்டுக்குங்க. வாரத்துல ரெண்டு மூணு நாள் இது, ரெண்டு நாள் இட்லி, ஒரு நாள் ராகி. ராகிக்கும் கம்புக்கும் கலோரி அரிசியை ஒட்டித்தான் இருக்கும். நார்ச்சத்து 100 கிராமுக்கு 11 கிராம். பச்சரிசில மூணுகூட இல்லை. கம்பு தோசைன்னு சொல்லி எண்ணெயை ஊத்தினா அந்தப் பலனும் போச்சு.

கடைசியா ஒண்ணு. குழந்தைங்க மிச்சம் வெச்ச அரைத் தோசை, கடிச்ச பிஸ்கட், டப்பால திரும்பி வந்த இட்லி. தாய்மாருங்க யாரும் இதைச் சாப்பாட்டுக் கணக்குல எழுதறதில்லை. நாளைக்கு 100, 150 கலோரி சுலபமா வந்துடும். குழந்தைக்குப் பாதி வைங்க, கேட்டா மறுபாதி. மிஞ்சினது கழனித்தண்ணில போகட்டும். வீணாகுதேன்னு வயித்துல போட்டாலும் வீண்தான்.

நொய்யல்கரை:

உடற்பயிற்சிக்கு எழுதறேன். முதல்லயே சொல்லிடறேன், நடை மட்டும் வெச்சு எடை குறையாது. உங்க எடைல அரை மணி நேரம் வெசயா நடந்தா 120, 130 கலோரி போகும், ஒரு வடை அளவு. ஆனா நடக்காமலும் தசையை உழைக்க விடாமலும் சாப்பாட்டை மட்டும் குறைச்சா, இறங்கற எடைல தசையும் சேர்ந்து போயிடும். அப்புறம் திரும்ப ஏறும்போது கொழுப்பாத்தான் ஏறும். 4 இறங்கி 5 ஏறின கதை அதுதான்.

உலகச் சுகாதார நிறுவனம் சொல்றது வாரத்துக்கு 150 நிமிச நடை, ரெண்டு நாள் தசைப் பயிற்சி. 150ஐ ஒரே மூச்சா எடுக்க உங்களுக்கு நேரம் இல்லை. பத்துப் பத்து நிமிசமாப் பிரிங்க: மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் கம்பெனிக்குள்ள பத்து, ராத்திரிச் சாப்பிட்டதும் மொட்டை மாடில பத்து. சாப்பிட்டதும் நடந்தா ரத்தச் சக்கரை ஏத்தமும் மட்டுப்படும், அத்தையையும் கூட்டிக்குங்க.

தசைப் பயிற்சி வாரம் மூணு நாள், 15 நிமிசம். கருவி எதுவும் வேண்டாம். ஆரம்பிக்கும் முன்னாடி வயித்துத் தசையை ஒரு தடவை பார்த்துடுங்க. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாத் தூக்கி, தொப்புளுக்கு மேலயும் கீழயும் நடுக்கோட்டுல விரலை அழுத்துங்க. ரெண்டு விரலுக்கு மேல பள்ளம் விழுந்தா, பிரசவத்துல விலகின தசை இன்னும் சேரலைன்னு அர்த்தம். அப்படி இருக்கறவங்க படுத்து எழுந்திரிக்கிற வயித்துப் பயிற்சியைத் தானா ஆரம்பிக்காம, பிசியோதெரபிஸ்ட்கிட்டக் காட்டுங்க. இல்லாதவங்களுக்கும் அது அவசியம் இல்லை. வயித்துப் பயிற்சி வயித்துக் கொழுப்பை மட்டும் எடுக்காதுங்க.

செய்ய வேண்டியது நாலு. நாற்காலில உட்கார்ந்து கையை ஊனாம எழுந்து நிக்கறது 10 தடவை. சுவத்துல கை வெச்சுத் தண்டால் மாதிரி 10. மல்லாந்து படுத்துப் பாதத்தை ஊனி இடுப்பைத் தூக்கி மூணு எண்ணி இறக்கறது 10. அடுப்பு மேடையைப் பிடிச்சுக் குதிகாலைத் தூக்கறது 15. இதையே மூணு சுத்து. எழும்போதும் தூக்கும்போதும் மூச்சை வெளிய விடணும். மூச்சைப் பிடிச்சா வயித்துலயும் அடியிலயும் அழுத்தம் விழும், இருமினாச் சிறுநீர் கசியறவங்களுக்கு அது இன்னும் மோசம். முழங்கால் வலிச்சா நாற்காலில ரெண்டு தலகாணி போட்டு உயரமாக்குங்க. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ரெண்டு தடவை கூட்டுங்க. 15 வந்ததும் கையில ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில். சுலபமாயிடுச்சுன்னு அங்கயே நின்னாத் தசையும் அங்கயே நிக்கும்.

கோபி_சந்தகை:

நடுவுல ஒரு கேள்விங்க. குழந்தைக்கு 8 மாசம், தாய்ப்பால் கொடுத்துட்டு இருக்கேன். சிசேரியன். இதே 300 கலோரிக் கணக்கு எனக்கும் ஆகுமா?

மருந்துச்சீட்டு:

உங்களுக்கு வேற கணக்குங்க. பால் கொடுக்கறவங்களுக்கு முதல் ஆறு மாசம் நாளைக்கு 600 கலோரியும், ஏழுலிருந்து பன்னெண்டாம் மாசம் வரைக்கும் 520 கலோரியும் கூடுதலா வேணும்னு ஐசிஎம்ஆர் சொல்லுது. அந்தக் கூடுதலைச் சாப்பிடாம, வழக்கமான பசிக்கு மூணு வேளை ஒழுங்காச் சாப்பிட்டாலே மெதுவா இறங்கும். 1,800க்குக் கீழ போகாதீங்க, மாசம் ரெண்டு கிலோவுக்கு மேல இறங்க விடாதீங்க. எண்ணெய், சக்கரை, பேக்கரி மூணையும் குறைக்கலாம். பருப்பு, முட்டை, கீரை, பால்ல கை வைக்க வேண்டாம். பிரசவ லேகியம் இன்னும் ஓடுதான்னு பாருங்க. நெய்யும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்ந்தது அது, எட்டு மாசம் தினம் சாப்பிடறதுக்கு இல்லை. வயித்துல துணி கட்டறதாலயும் பெல்ட் போடறதாலயும் கொழுப்பு குறையாது. விரல் வெச்சுப் பார்க்கிற சோதனையை நீங்களும் செய்யுங்க.

பெருமாநல்லூர் அம்மணிக்கு: ஆரம்பிக்கும் முன்னாடி டிஎஸ்எச் (தைராய்டுக்கு), ஹீமோகுளோபின், எச்பிஏ1சி (மூணு மாசச் சராசரிச் சக்கரை) மூணும் பார்த்துடுங்க. மாதவிலக்கு 35 நாளுக்கு மேல தள்ளிப் போகுதுன்னா சினைப்பை நீர்க்கட்டிக்கும் கேளுங்க. தைராய்டு மாத்திரை ஏற்கெனவே எடுக்கறவங்க கவனிக்க வேண்டியது அந்த 5:15 டீ. மாத்திரை வெறும் வயித்துல போட்டு, அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் டீ. இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைக்கும் அதுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி. மாத்திரையும் டீயும் ஒண்ணா உள்ள போனா மருந்து சரியா ஏறாது. டிஎஸ்எச் இறங்கலையேன்னு அளவைக் கூட்டிட்டே போவாங்க.

இங்க யாரும் சொல்லாத ஒண்ணு, உங்க அத்தை விசயம். அவங்க மாத்திரைல கிளிமிபிரைடோ கிளிப்பிசைடோ இருந்தா, வீட்ல எல்லாருக்கும் சேர்த்துச் சோத்தைக் குறைக்கும்போது அவங்களுக்குச் சக்கரை தாழ்ந்து போகலாம். வேர்த்துக் கொட்டும், நடுங்கும், பேச்சுக் குழறும், ராத்திரில இன்னும் ஆபத்து. எண்ணெய் குறைக்கறதுல பிரச்சினை இல்லை. சோத்து அளவையும் ராத்திரி நேரத்தையும் மாத்தும் முன்னாடி அவங்க டாக்டர்கிட்டச் சொல்லி மாத்திரை அளவைச் சரி பண்ணிக்குங்க. மெட்ஃபார்மின் மட்டும்னா இந்தப் பயம் குறைவு.

மாசம் நாலு, அஞ்சு கிலோ குறைக்கறேன்னு பவுடர் டப்பா விக்கறவங்ககிட்ட மாட்டிக்காதீங்க. அவ்வளவு வேகமா இறங்கினாப் பித்தப்பைல கல்லு வர வாய்ப்புக் கூடும். ரெண்டு மூணு மாசம் கழிச்சு முடி கொத்துக் கொத்தாக் கொட்டும். அப்ப எண்ணெயை மாத்திப் பார்ப்பாங்க, ஷாம்பூவை மாத்திப் பார்ப்பாங்க, மூணு மாசத்துக்கு முந்தின பட்டினி யாருக்கும் ஞாபகம் வராது. பேதி மாத்திரை, நீர் மாத்திரைல இறங்கறது வெறும் தண்ணி.

பெருமாநல்லூர்_அம்மணி (6 வாரம் கழிச்சு):

டிஎஸ்எச், சக்கரை ரெண்டும் சரியா இருக்குங்க, ஹீமோகுளோபின் 10.2, மாத்திரை கொடுத்திருக்காங்க. அத்தைக்கு கிளிமிபிரைடுதான் இருந்துச்சு, டாக்டர் பாதியாக் குறைச்சுட்டாரு. எண்ணெய் மாசம் 3.2 லிட்டருக்கு வந்திருக்கு. எடை வாராவாரம்: 72, 70.9, 70.7, 70.5, 70.4, 70.6, 70.5. இடுப்பு 94லிருந்து 91.5. மூணு வாரமா நின்னுருச்சே, சோத்தை இன்னும் குறைக்கட்டுங்களா?

அளவுக்கரண்டி:

வேண்டாங்க. முதல் வாரம் போன 1.1 கிலோல பெரும்பாகம் தண்ணி. உடம்புல சேமிச்ச மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் மூணு கிராம் தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கும், சாப்பாடு குறைஞ்சதும் அது வெளிய வரும். அதைக் கழிச்சுப் பார்த்தா நம்ம போட்ட கணக்குக்குப் பின்னாடிதான் இருக்கீங்க. மாதவிலக்குக்கு முந்தின வாரம் ஒண்ணு ஒண்ணரை கிலோ தண்ணி ஏறி இறங்கும். அதனால போன வாரத்தோட ஒப்பிடாம, போன மாசம் அதே வாரத்தோட ஒப்பிடுங்க. எடை பார்க்கிறதும் ஒரே மாதிரி இருக்கணும்: காலைல கழிப்பறை போயிட்டு வந்து, டீக்கு முன்னாடி, மிசினைக் கட்டாந்தரைல வெச்சு. பாய் மேலயோ மிதியடி மேலயோ வெச்சா எண் மாறும். இடுப்பை அளக்கறது கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல, மூச்சை விட்டதுக்கப்புறம், வயித்தை உள்ளிழுக்காம. ரெண்டரை செ.மீ. குறைஞ்சிருக்குன்னா வேலை நடக்குதுன்னு அர்த்தம்.

ஒண்ணு மட்டும் கேக்கறேன், ஞாயித்துக்கிழமை என்னங்க? ஆறு நாள் 300, 300ன்னு சேர்த்தா 1,800. ஞாயித்துக்கிழமை மூணு பரோட்டா, சால்னா, சாயங்காலம் தள்ளுவண்டிக் காளான்னு 1,000 கூடினா வாரத்துக்கு 800தான் மிச்சம், எடைல 100 கிராம். உங்க எண்ணும் அதைத்தான் காட்டுது.

பெருமாநல்லூர்_அம்மணி:

பரோட்டாதானுங்க, மூணு இல்லை, ரெண்டு. அப்புறம் பையனோடதுல பாதி.

அளவுக்கரண்டி:

அப்ப ரெண்டரைங்க. கடைக்குப் போறதை மாசம் ரெண்டு ஞாயிறுன்னு வைங்க. மத்த ஞாயிறு வீட்லயே பள்ளிபாளையம் சிக்கன்: தோல் உரிச்ச கோழி ஒரு கிலோ, சின்ன வெங்காயம் கால் கிலோ, விதை எடுத்த வரமிளகாய் 15, கால் மூடித் தேங்காய்ப் பல்லு, எண்ணெய் மூணு மேசைக்கரண்டி. தண்ணி ஊத்தாம மூடி வெச்சா கோழில விடற தண்ணிலயே வெந்துடும். கடைசில திறந்து வெச்சு வத்த விடுங்க. ஆளுக்கு எண்ணெய் சுமாரா 11 மில்லிதான் வரும். அதோட சோறு 200 கிராம், ரசம், வெள்ளரிக்காய். அந்த 45 மில்லியும் வாரப் பாட்டில்ல இருந்துதான் வரணும், டின்ல இருந்து இல்லைங்க.

நோம்பிக்கும் இதே மாதிரிதான். அன்னைக்கு ரெண்டு கச்சாயமும் ஒரு ஒப்பிட்டும் சாப்பிடறதால எதுவும் ஆகாது. பலகாரத் தூக்கு அடுத்த அஞ்சு நாள் சமையலறைல இருக்கறதுதான் எடையை ஏத்தும். ஒறம்பரைக்குக் கட்டிக் கொடுத்தது போக மிச்சத்தை மறுநாளே கம்பெனிக்குக் கொண்டு போயிடுங்க.

ஹீமோகுளோபின் 10.2 இருக்கறப்ப நடந்தா மூச்சு வாங்கும். பயிற்சில தண்ணி பாட்டிலை இப்ப எடுக்காதீங்க, 11 தாண்டட்டும். இரும்பு மாத்திரையை டீயோட போடாம எலுமிச்சைத் தண்ணியோட, டீக்கு ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்க. இன்னும் நாலு வாரம் சோத்து அளவு இதே 220 கிராம்தான். பத்தாவது வாரம் எடையையும் இடுப்பையும் இங்க போடுங்க, அப்பவும் ரெண்டும் அசையலைன்னா மட்டும் அடுத்ததுல கை வைக்கலாம்.